சைட் இன்ஜினியர் சம்பளம் 19,500. முன்னால் மூன்று வழி, எதில் போவது?

காங்கேயத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். 2021இல் பி.இ. சிவில் முடித்தேன். 2022 தொடக்கத்தில் கோவையில் ஒரு பில்டரிடம் 13,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். இப்போது 19,500. கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட் தளம், மேலே ஐந்து மாடி அப்பார்ட்மெண்ட், இரண்டு பிளாக், இரண்டுக்கும் நான் ஒருவன்தான் இன்ஜினியர். காலை எட்டு மணிக்கு ஆள் கணக்கு எழுதுவதில் நாள் தொடங்கும். காங்கிரீட் நாள் என்றால் கடைசி ரெடிமிக்ஸ் வண்டி கிளம்பும்வரை நிற்க வேண்டும், இரவு பதினொன்று ஆனதும் உண்டு. ஞாயிறு பாதி நாள். பி.எஃப். கிடையாது. சேரும்போது ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் சைட்டில் கொத்தனாருக்கு நாளுக்கு 1,100. மாதம் 26 நாள் வந்தால் 28,600. சனிக்கிழமை அந்தக் கூலியை எண்ணிக் கொடுப்பது நான்தான். அவர் உழைப்புக்கு அது நியாயம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான்கு வருடம் படித்து, நான்கு வருடம் வெயிலில் நின்ற பிறகும் வீட்டில் தங்கை கல்யாணப் பேச்சு வரும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் கம்பெனி வழியாக வேலை. 31,000, தங்குமிடம் சொந்தச் செலவு. இரண்டு, கத்தார். 4,500 ரியால், ரூம் கம்பெனியே தருகிறது. ஏஜென்ட் 1,60,000 கேட்கிறார். மூன்று, அப்பா சொல்வது: வேலையை விட்டுவிட்டு டி.என்.பி.எஸ்.சி. படி.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மண்ணச்சநல்லூர் சிவில்

எனக்கும் இதே கதை நண்பா, 18,000. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பில்லிங் அக்கா

தம்பி, மூன்று வழியையும் அப்புறம் பார்ப்போம். முதலில் நீங்கள் என்ன வேலை தெரிந்தவர் என்று எழுதுங்கள். நான்கு வருடத்தில் சொந்தமாக பார் பெண்டிங் ஷெட்யூல் (எந்தக் கம்பி, எத்தனை, எந்த அளவில் வெட்டி வளைப்பது என்ற பட்டியல்) போட்டீர்களா, கம்பி காண்டிராக்டர் கொண்டுவந்த தாளில் டிக் அடித்தீர்களா? ஆர்.ஏ. பில்லுக்கு, அதாவது முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் பில்லுக்கு, அளவு எடுத்தது யார்? மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை நீங்களே வைப்பீர்களா? இன்டர்வியூவில் இதைத்தான் கேட்பார்கள். எத்தனை வருடம் என்பது அதற்குப் பிறகுதான்.

என் கணக்கைச் சொல்கிறேன். 2013இல் சென்னையில் 9,000க்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் சைட்டிலேயே இருந்து 17,000 வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. 2017இல் பில்லிங்குக்கு மாறினேன், அதே வருடம் 26,000. இன்று ஒரு நடுத்தர காண்டிராக்ட் கம்பெனியில் க்யூ.எஸ்., அதாவது அளவு, செலவுக் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன், 85,000.

என்ன மாறியது என்று கேட்டால் ஒரே ஒரு சம்பவம் சொல்வேன். பில்லிங்குக்கு வந்த ஆறாவது மாதம் ஒரு சைட்டில் கம்பி கணக்கு சரிபார்த்தேன். வந்தது 80 டன். டிராயிங்படி கட்டடத்துக்குள் போனது, வேஸ்டேஜ், யார்டில் மிச்சம் எல்லாம் சேர்த்தும் 2 டன்னுக்கு மேல் காணவில்லை. அன்றைய விலைக்கு லட்ச ரூபாய்ப் பொருள். வாட்ச்மேன்தான் விற்றுவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியவர், அழுதுவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு தடிமன் கம்பியிலும் சரியாக ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டேன். நாம் கணக்கில் எழுதுவது, மில்லிமீட்டரில் உள்ள கம்பியின் தடிமனை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்த எடை. 16 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 1.58 கிலோ. வந்த லோடில் எல்லாத் துண்டும் இரண்டரை சதவீதம்போல் கூடுதலாகவே இருந்தன. கம்பிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786 அந்த ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. வாங்கியது எடைமேடைக் கணக்கில், எழுதியது சூத்திரக் கணக்கில். திருட்டே நடக்கவில்லை.

அந்த மாதத்திலிருந்து எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லோடுக்கும் மீட்டர் எடை போட்டுப் பதிவு செய்கிறார்கள். அடுத்த இன்கிரிமெண்டில் நான் எதுவும் கேட்கவில்லை, அவர்களே கொடுத்தார்கள். கம்பெனிக்கு எது எவ்வளவு ஆகிறது என்று தெரிந்த ஆளை விட்டுவிட யாருக்கும் மனம் வராது.

தோஹா வெயில்

கத்தாரைப் பற்றி நான் சொல்கிறேன், ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன்.

முதலில் அந்த 1,60,000. இந்திய அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் அவருடைய லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பட்டதாரி என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படாது. இது வசதிதான், ஆனால் கிளம்புவதற்கு முன் உங்கள் கான்டிராக்டை அரசுத் தரப்பில் யாரும் பார்க்கப் போவதில்லை என்றும் அர்த்தம். நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 4,500இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? இங்கே பணிக்கொடை வருடத்துக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம். பேசிக் 1,800, மீதி அலவன்ஸ் என்று எழுதிவிட்டால் ஐந்து வருடம் கழித்துக் கையில் வருவது அந்த 1,800க்குத்தான்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். விசாவில் என்ன பதவி எழுதியிருக்கிறது? இங்கே இன்ஜினியராகக் கையெழுத்துப் போட அரசுப் பதிவு வேண்டும், யு.பி.டி.ஏ. என்று சொல்வோம். அதற்குத் தேர்வு உண்டு. சர்டிபிகேட்டுக்கு ஊரிலும் தூதரகத்திலும் அட்டெஸ்டேஷன் முடிந்திருக்க வேண்டும். உங்கள் ஒரிஜினலோ பில்டரின் அலமாரியில் இருக்கிறது. போர்மேன் என்றோ டெக்னீஷியன் என்றோ விசா எடுத்து வந்து இன்ஜினியர் வேலை பார்க்கும் நம் பையன்கள் இங்கே நிறைய. ஐந்து வருடம் போனாலும் சம்பளம் அதே இடத்தில் நிற்கிறது.

குவைத்தில் 2018இல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் இன்ஜினியர்களுக்கு இகாமா (தங்கும் அனுமதி) புதுப்பிக்க முடியாது என்றார்கள். சங்கம், நம் ஊரில் தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் அங்கீகாரம் உள்ள கல்லூரிகளின் பட்டத்தைத்தான் ஏற்றது. பத்து வருடம் வேலை பார்த்தவர்கள்கூடத் தவித்தார்கள். என் கல்லூரி நண்பன் இன்ஜினியர் பதவியை இழந்து சூப்பர்வைசர் என்று மாற்றி எழுதிக்கொண்டான். உங்கள் படிப்பு முடிந்த வருடத்தில் உங்கள் கல்லூரியின் சிவில் துறைக்கு என்.பி.ஏ. இருந்ததா என்று இன்றே பாருங்கள்.

வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020க்குப் பிறகு பழைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வேலை மாற முடிகிறது, அது பெரிய விடுதலை. ஆனால் 2022 உலகக் கோப்பைக்கு முன்பு இருந்த வேலைப் பெருக்கம் இப்போது இல்லை. ஊரில் கடன் வாங்கி 1,60,000 கட்டி வராதீர்கள்.

காங்கேயத்துக்காரன்

அண்ணா, ஏஜென்டிடம் இப்போதுதான் கேட்டேன். விசா 'சிவில் சூப்பர்வைசர்'. பேசிக் 2,000. என்.பி.ஏ. பட்டியலில் எங்கள் கல்லூரி சிவில் துறை இல்லை.

அக்கா, பார் பெண்டிங் ஷெட்யூல் நானே போடுவேன், காண்டிராக்டர் போட்டதில் இரண்டு முறை தவறு கண்டுபிடித்திருக்கிறேன். அளவும் நானே எடுக்கிறேன். ஆனால் பில் தயாரிப்பது ஆபீஸில் அக்கவுண்டன்ட், நான் பார்த்ததே இல்லை.

அரசுப்பணி ஓய்வு

தம்பி, உதவிப் பொறியாளராகச் சேர்ந்து உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்று மாநில அரசில் உதவிப் பொறியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 37,700, அதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும். மத்திய அரசில் எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் என்றால் அடிப்படை 35,400. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் என்ற நிம்மதி தனியாரில் கிடைப்பது அரிது.

ஆனால் வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்ல மாட்டேன். எந்த வருடம் எத்தனை இடம் அறிவிப்பார்கள் என்று யார் கையிலும் இல்லை. ஒரு வருடம் என்று உட்கார்ந்து நான்கு வருடம் போனவர்களை என் அலுவலக வாசலிலேயே பார்த்தேன். இன்னொன்று, தமிழ்த் தகுதித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். பாடத்தாளில் கெட்டிக்காரர்களும் அதில் தோற்றுப் போயிருக்கிறார்கள்.

ராத்திரி ஷிப்ட்

நான் மெட்ரோவில் இருக்கிறேன், இதே மாதிரி ஆள் அனுப்பும் கம்பெனி ரோலில் சேர்ந்தவன். அதனால் உள்ளே இருப்பதை எழுதுகிறேன்.

இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். இவ்வளவு பெரிய வேலையில் ஒரு இன்ஜினியர் பார்ப்பது அதன் ஒரு மூலையைத்தான். எனக்கு முதல் எட்டு மாதமும் டயாப்ரம் வால், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் காங்கிரீட் சுவர், மட்டுமே. குழி சரியாமல் பிடிக்கும் பென்டோனைட் குழம்பு, கம்பிக் கூண்டு இறக்குவது, அடிவரை போகும் ட்ரெமி பைப் வைத்துக் காங்கிரீட், மறுபடி பென்டோனைட். அப்பார்ட்மெண்டில் அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை எல்லாம் பார்த்த உங்களுக்கு முதலில் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு வேலையை முறைப்படி எப்படிச் செய்வது என்று நான் கற்றது அங்கேதான். காங்கிரீட் போடும் முன் போர் கார்டு (pour card) என்ற அனுமதிச் சீட்டில் கம்பி, கவர், ஷட்டரிங், சர்வே என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியை உள்ளே விடுவார்கள். வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிய மெத்தட் ஸ்டேட்மெண்ட் இல்லாமல் ஒரு ஸ்பேனர்கூட நகராது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்தப் பெரிய கம்பெனி இன்டர்வியூவிலும் பேச்சு வேறு மாதிரி போகும்.

31,000 சென்னையில் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போரூர் பக்கம் வீடு எடுத்திருக்கிறோம், ஆளுக்கு 4,500. சாப்பாடு 6,000, பெட்ரோல் 2,000. பி.எஃப். பிடித்தமும் போக, 31,000இல் வீட்டுக்கு 14,000 அனுப்ப முடியும். கோவையில் வீட்டிலிருந்து போய்வரும் உங்களுக்கு மிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கணக்கு அடுத்த தாவலில்தான் மாறும். எனக்கு இரண்டு வருடம் கழித்து நேரடி ரோலில் 46,000 கிடைத்தது.

ஒன்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள். அனுபவச் சான்றிதழை ஆள் அனுப்பும் கம்பெனிதான் தரும், அதில் திட்டத்தின் பெயர் இருக்காது. 'இன்ன திட்டத்தில் இன்ன பதவியில் பணிக்கு அனுப்பப்படுகிறார்' என்ற கடிதம் சேரும் நாளிலேயே வேண்டும். என்னோடு சேர்ந்தவர் அதை வாங்காமல் விட்டு, மெட்ரோவில் வேலை பார்த்ததை நிரூபிக்க முடியாமல் அலைந்தார்.

கோவைக்கு மெட்ரோ வந்தால் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது.

சின்ன காண்டிராக்டர், ஈரோடு

எல்லோரும் கோபப்படாமல் படிக்க வேண்டும். நான் சம்பளம் கொடுக்கும் பக்கத்து ஆள். இரண்டு இன்ஜினியர் வைத்திருக்கிறேன், 22,000, 27,000.

ஏன் குறைவு என்றால், வீடு கட்டுபவர் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைவாகச் சொன்ன ஆளிடம் போய்விடுகிறார். சிமெண்ட், கம்பி, கூலி எதையும் என்னால் குறைக்க முடியாது. குறைக்க முடிகிற ஒரே இடமாக இன்ஜினியர் சம்பளம் ஆகிவிட்டது. கடைசித் தவணை கிரகப்பிரவேசம் முடிந்து மூன்று மாதம் இழுக்கும். இதை நியாயப்படுத்த எழுதவில்லை, நடப்பது இது. 27,000 வாங்கும் தம்பி வந்த பிறகு ரூஃப் காங்கிரீட்டில் ரெடிமிக்ஸ் அரை லோடு மிஞ்சுவது நின்றுவிட்டது. அதனால்தான் அவருக்கு 5,000 அதிகம். என் மாதிரி ஆளிடம் 40,000 எதிர்பார்த்தால் கிடைக்காது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

செங்கோட்டை

இந்த இழையில் யாரும் கையெழுத்துப் போடுபவரின் பொறுப்பைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2014 ஜூன் 28, சென்னை மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். கைதானவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். அப்போது நான் இரண்டாம் வருடம் சைட்டில். அன்று இரவு தூங்கவில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்கு ஒரு சோதனை வந்தது. ஸ்பான் (தாங்கல்களுக்கு இடையிலான நீளம்) ஐந்து மீட்டருக்கு மேல் உள்ள ஸ்லாப். அடியில் தாங்கும் முட்டு எடுக்க, காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது 14 நாள். சென்டரிங் சாமான் அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று ஆறாவது நாள் பிரிக்கச் சொன்னார்கள். காங்கிரீட்டின் வலுவைச் சோதிக்கும் ஏழு நாள் க்யூப்கூட உடைக்கவில்லை. நான் மாட்டேன் என்றேன். 'உனக்குச் சம்பளம் யார் தருகிறார்' என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். சைட் ரெஜிஸ்டரில் தேதி போட்டு எழுதி, அதைப் படம் எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முட்டு 14 நாள் நின்றது. மாதக் கடைசியில் வேலை போனது. அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆனது, அம்மாவின் வளையலை அடகு வைத்தோம்.

19,500 ரூபாய் வெயிலில் நிற்பதற்கு மட்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஏதாவது நடந்தால் முதலில் தேடப்படும் பெயர் உங்களுடையது. தம்பி, நீங்கள் அனுமதித்தது, மறுத்தது இரண்டுக்கும் உங்களிடம் தனிப் பிரதி இருக்கிறதா?

சர்டிபிகேட் விஷயம். அதைப் பிடித்து வைக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை. சர்டிபிகேட் அடகு வைக்கும் பொருள் இல்லை என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் மரியாதையாகக் கேளுங்கள், அப்புறம் பதிவுத் தபாலில் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் காவல் நிலையத்தில் மனு. கடிதம் போனதுமே பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள்.

நெல்லைச் செல்வி

சைட்டில் இருக்கும் பெண் ஒருத்தியாவது எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். ஆறு வருடமாக சைட் இன்ஜினியர். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பையனுக்கு 3,000 அதிகம். கேட்டபோது 'அவர் ராத்திரி காங்கிரீட்டுக்கு இருப்பார்' என்றார்கள். நானும் இருக்கிறேன் என்றேன், இருந்தேன், அடுத்த வருடம்தான் சமம் ஆக்கினார்கள். முதல் சைட்டில் கழிப்பறையே இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் படுத்தேன்.

பில்லிங் அக்கா சொல்வது சரிதான், ஆனால் எங்களைப் பார்த்தாலே 'ஆபீஸில் உட்காரும்மா, க்யூ.எஸ். பாரு' என்கிறார்கள். எனக்குக் கட்டடம் எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பில் கணக்கையும் இரவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், சைட்டை விடவில்லை. இப்போது 38,000, கீழே இரண்டு ஜூனியர்.

பில்லிங் அக்கா

செல்வி, நீங்கள் எழுதியது என்னைத் தைத்தது. நான் சைட்டை விட்டதற்குக் கழிப்பறையும் ஒரு காரணம், அதை முன்பு எழுதாமல் விட்டேன்.

தம்பி, என் கருத்து: கத்தார் இந்த நிபந்தனையில் வேண்டாம். மெட்ரோ போகலாம், ஆனால் அதற்கு முன் இப்போதைய பில்டரிடமே ஒரு மாதம் அந்த அக்கவுண்டன்ட் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ஆர்.ஏ. பில்லாவது தயாரியுங்கள். நீங்கள் எடுத்த அளவு எப்படிப் பணமாகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்கு அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி வேலையோடு படியுங்கள்.

ராத்திரி ஷிப்ட்

நைட் ஷிப்டோடு படிப்பது முடியாத காரியம் அக்கா, நான் முயன்று பார்த்தேன். காலை ஏழு மணிக்கு வந்து விழுந்தால் மதியம்தான் விழிப்பு. படிக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் டே ஷிப்ட் உள்ள க்யூ.ஏ. (தரச் சோதனை) அல்லது பில்லிங் பிரிவில் கேட்டுச் சேரட்டும்.

இன்னொன்று. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் எல்லோருக்கும் தர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உரிமை உண்டு. உங்கள் ஆர்டரில் 'குறிப்பிட்ட காலப் பணி' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

காங்கேயத்துக்காரன் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சர்டிபிகேட் வந்துவிட்டது. இரண்டு முறை நேரில் கேட்டேன், 'ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது' என்றார்கள். செங்கோட்டை அண்ணா சொன்னபடி பதிவுத் தபால் போட்டேன், நான்காம் நாள் மேஜைமேல் இருந்தது. கத்தார் ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை.

மெட்ரோ கம்பெனியிடம் திட்டப் பெயர் உள்ள கடிதமும் பகல் ஷிப்ட்டும் கேட்டேன். கடிதம் தருகிறார்கள். பகல் ஷிப்ட் க்யூ.ஏ. பிரிவில் இருக்கிறது, ஆனால் 29,500தான். 1,500 குறைவாக இருந்தாலும் சரி என்றேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி சேர வேண்டும். அப்பாவிடம், சனி ஞாயிறு படிப்பேன், இரண்டு முறை எழுதுவேன், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது என்று பேசியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் கோபமும் படவில்லை.

அக்கவுண்டன்ட் அண்ணனிடம் ஒரு பில் முழுதாகப் பார்த்தேன். நான் எடுத்துக் கொடுத்த பூச்சு அளவில் ஜன்னல் திறப்புகளுக்குக் கழிக்க வேண்டிய பரப்பை அவர் வேறு மாதிரி கழித்து வந்திருக்கிறார். இத்தனை மாதம் இருவரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

அக்கா, ஒரு சந்தேகம். நேற்று வந்த லோடில் 16 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டேன். 1.53 கிலோ. இது குறைவா, அனுமதிக்கப்பட்டதா?

பில்லிங் அக்கா

16 மில்லிமீட்டருக்கு 5 சதவீதம் கூடலாம், குறையலாம். 1.58இல் 5 சதவீதம் போனால் 1.50, அதனால் உங்கள் துண்டு அனுமதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு துண்டை வைத்து லோடைச் சொல்ல முடியாது. வேறு வேறு கட்டிலிருந்து இன்னும் இரண்டு வெட்டுங்கள். வெட்டும்போது முனை சாய்வாக இல்லாமல் நேராக இருக்கட்டும், எடை போடும் முன் மண்ணையும் துருவையும் துடைத்துவிடுங்கள். மூன்றையும் லோடு எண்ணோடு ரெஜிஸ்டரில் எழுதி, ஒரு படம் உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.